அலர் பெருகிற்று, தோழியைக் காணோம்!

தாம்பரத்திற்கு மேற்கே, திருப்பெரும்புதூர்ப் பக்கமாய்ச் செல்லும் வழியில், பேரேரி ஒன்றைத் துணையாகக் கொண்டு அமைந்த மணிமங்கலம் நேற்று முளைத்த ஊரன்று. பல்லவன் முதலாம் நரசிங்கவர்மன் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் ஒன்றெனக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கும். அது நிகழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. பின்வந்த சோழவேந்தரின் போர்ப்புகழைப் பொறித்த கல்வெட்டுகளும் இவ்வூர்க் கோயிற் சுவர்களில் உள. வரலாறு பயின்றோர்க்கு மணிமங்கலம் என்றால் வாளும் வேலும் நினைவிற்கு வரும். இற்றை மணிமங்கலத்தில் விடியற் கருக்கலிற் கேட்பதோ ஆலைப் பேருந்துகளின் உறுமல். வயலும் வரப்புமாய்க் கிடந்த சுற்றுப்புறம் குடிக்கூலி அறைகளாகவும் விடுதிகளாகவும் மாறி வருகின்றது. தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வந்த இளையோர், எவரையும் அறியாத ஊரில், எவராலும் அறியப்படாதவராய் வாழ்கின்றனர்.

இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை எழுந்த 1990களின் பிற்பகுதி முதல் இவ்வட்டாரத்தின் முகம் மாறலாயிற்று. 2006-இல் நோக்கியா நிறுவனம் திருப்பெரும்புதூரிற் கைப்பேசி ஆக்கத் தொடங்கிற்று. 2014-இல் அவ்வாலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான இளைஞர் தெருவில் நின்றனர். ஆயினும் கைப்பேசித் தொழில் இம்மண்ணை விட்டு நீங்கவில்லை. பாக்சுகான் என்னும் தைவான் நாட்டு நிறுவனம் சுங்குவார்சத்திரத்தை அடுத்த தன் ஆலையில் ஆப்பிள் பேசிகளைப் பூட்டி உலகெங்கும் விடுக்கின்றது. அப்பேசியைப் பூட்டும் கைகளுட் பெரும்பாலான, இருபதை ஒட்டிய அகவையுடைய பெண்மக்களின் கைகள். தம் பல திங்கள் ஊதியத்தைத் திரட்டினாலன்றி அவர்களால் வாங்கலாகாத பேசி அது. உலகத்தார் கண்ணையெல்லாம் கட்டிப்போடும் கருவியைப் பகலெல்லாம் செய்துவிட்டு, இரவில் தம் எளிய பேசியொன்றின் ஒளியில் தம் கண்ணையும் அதற்கே ஒப்படைக்கின்றனர்.

இவர்களைப் பற்றி ஊர் கூறும் முறையீடு ஒன்றே. எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கின்றனர்; அதனால் கெடுகின்றனர் என்பது அது. விடுதிக் காப்பாளர் முதல் வீட்டு மூத்தோர் வரை, பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டால் எல்லாம் சீர்ப்படும் என எண்ணுவோர் பலர். தமிழ்ப்பற்றாளர் சிலரும் இவ்வணியிற் சேர்ந்துகொண்டு, பண்பாடு அழிந்தது எனப் பறையறைகின்றனர். ஆண்மகன் அதே பேசியை அதே நள்ளிரவில் நோக்கினாற் பொழுதுபோக்கு. பெண்மகள் நோக்கினாற் பண்பாட்டுக் கேடு! இவ்வழக்குரையில் அறமும் இல்லை, அறிவும் இல்லை. முகநூலும் புலனமும் படவரியும் உள்ளத்தை வருத்துகின்றன என்பது மெய்யே. ஆனால் எவ்வாறு வருத்துகின்றன, எவரை மிகுதியும் வருத்துகின்றன, ஏன் வருத்துகின்றன என்பவற்றை ஆராயாது பேசியைப் பிடுங்குவது, காய்ச்சல் கண்டவனிடமிருந்து போர்வையைப் பிடுங்குவது போன்றதாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய அளவுகோல் தமிழிலேயே உண்டு. அகத்துறை நூல்களில் அம்பல் என்றும் அலர் என்றும் இரு சொற்கள் வழங்கும். அரும்பு நிலையிற் கிடப்பது அம்பல். மலர்ந்து விரிவது அலர். ஒருத்தியின் காதலொழுக்கத்தைப் பற்றிச் சிலர் கண்ணாலும் குறிப்பாலும் தமக்குள் பேசிக்கொள்வது முன்னது. பலரும் வாய்திறந்து தூற்றுவது பின்னது. திருக்குறளில் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. ஊர்வாய் ஒரு பெண்ணின் உறக்கத்தையும் உணவையும் எவ்வாறு கெடுக்கும், உடலை எவ்வாறு மெலிவிக்கும் என்பதனை நம் முன்னோர் துறை துறையாக ஆய்ந்து பாடினர். இதனைக் கூறுவது பழம்பெருமை பேசற்கன்று. அக்கால அலருக்கும் இக்கால அலருக்கும் உள்ள வேற்றுமையிலேதான் இன்றைய நோயின் வேர் கிடக்கின்றது.

அக்கால அலருக்கு எல்லை உண்டு. அது ஓர் ஊரின் அலர். பாக்கத்தைத் தாண்டினால், மலையைத் தாண்டினால் அதன் ஒலி அடங்கும். அதற்கு முகம் உண்டு. தூற்றுவோர் இன்னார் எனத் தலைவி அறிவாள். அவர்களை நொந்துகொள்ளவும் செய்வாள். அதற்கு முடிவும் உண்டு. மணம் நிகழ்ந்ததும் அலர் அவியும். அலரைக் காட்டியே தலைவனை மணத்திற்கு விரைவுபடுத்தும் துறையும் உண்டாதலின், சிலபோது அதனால் நன்மையும் விளைந்தது. இம்மூன்றினும் பெரிது ஒன்றுண்டு. அலர்பட்ட தலைவி ஒருபோதும் தனியளாய் இருந்திலள். அவளருகில் தோழி இருந்தாள். கேட்பவள் அவள், தேற்றுபவள் அவள், தலைவனிடம் வழக்குரைப்பவள் அவள், செவிலிக்கும் நற்றாய்க்கும் உண்மையை முறையாக எட்டச் செய்பவளும் அவளே. அகப்பாட்டிலிருந்து தோழியை நீக்கிவிட்டால் தலைவி ஊர்வாய்க்கு இரையாய்த் தனித்து நிற்பாள். மணிமங்கலத்துக் குடிக்கூலி அறையில் இன்று அவ்வாறுதான் நிற்கின்றாள்.

2021-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் இடைப்பகுதியில் இவ்வட்டாரத்தில் நிகழ்ந்ததை இங்கு நினைந்து பார்த்தல் வேண்டும். பாக்சுகான் ஆலையிற் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாயிற்று. இருநூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். நேற்றுவரை பக்கத்துப் பாயிற் படுத்திருந்தவளைக் காணோம். எங்குளள், எந்நிலையில் உளள் என உசாவியவர்க்கு உரிய விடை உரிய பொழுதில் வரவில்லை. அவ்வெற்றிடத்தில் முளைத்தது அலர். சிலர் இறந்துவிட்டனர் என்றும், இறந்தமை மறைக்கப்படுகின்றது என்றும், இத்தனை பேர் என்றும் புலனக் குழுக்களில் செய்தி பறந்தது. 17-ஆம் நாள் இரவில் பெண்கள் திரண்டு வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறுநாளும் போராட்டம் தொடர்ந்தது. எவரும் இறந்திலர் என அரசு அலுவலர் நேரிற் சென்று எடுத்துரைத்தனர். காவல்துறையினர் பெண்கள் பலரைப் பிடித்துவைத்துப் பின்னர் விடுத்தனர். பொய்ச்செய்தி பரப்பினார் என்று வலையொளியாளர் ஒருவர் தளைப்படுத்தப்பட்டார்.

இதனைப் புரளியால் விளைந்த கலகம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கியோர் உண்டு. அது பாதி உண்மை. பாதி உண்மை முழுப்பொய்யினும் தீது. இறப்பு பொய், நோய் மெய். தரையிற் பாய் விரித்து, ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சிப் பலர் படுத்தமை மெய். பின்னர் ஆப்பிள் நிறுவனமே, விடுதிகளும் உணவுக் கூடங்களும் சில தன் வரையறைக்கு ஒத்தனவாக இல்லை என ஒப்புக்கொண்டு, அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 சனவரி 12-ஆம் நாளன்றே மீளத் திறந்தது. உண்மையைச் சொல்லவேண்டியவர் வாய்மூடியிருந்த பொழுதிலேதான் பொய்க்குக் கால் முளைத்தது. அலரைத் தூக்கிச் சென்றது புலனம், பெற்றெடுத்தது அம்மௌனம்.

அவ்விரு நாளில் எத்தனை சிற்றூர்களில் எத்தனை தாயர் அச்செய்தியைத் தம் பேசியிற் கண்டு நெஞ்சு பதைத்திருப்பர்! மகளை அழைத்தால் மணி அடிக்கின்றது; எடுப்பார் இல்லை. சாலையில் அமர்ந்திருக்கின்றாளோ, மருத்துவமனையிற் கிடக்கின்றாளோ, இறந்தவருள் ஒருத்தியோ என அறியமாட்டாது அவர் கழித்த இரவு எக்கணக்கிலும் எழுதப்படவில்லை. உணவு நஞ்சானதற்கு மருத்துவமனைப் பதிவுண்டு. உள்ளம் நஞ்சானதற்குப் பதிவேடு ஏது?

அலர் உயிர்குடிக்கும் என்பதும் தமிழகம் கண்டதே. 2018 மே 9-ஆம் நாள், குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் சென்ற மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிக்க வந்தவர் என்னும் ஐயத்தினால் ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி சில நாட்களாகப் புலனத்திற் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கிழமையிற் பழவேற்காட்டிலும் ஒருவர் அவ்வாறே கொல்லப்பட்டார். இந்தியாவின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், 2018 சூலையில் புலன நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. ஒருவர் தமக்கு வந்த செய்தியை ஒரே வீச்சில் ஐந்து பேர்க்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் இந்தியாவில் விடுக்க இயலாதவாறு வரம்பு கட்டிற்று. இச்சிறு செய்தியைத் தமிழன்பர் ஆழ்ந்து எண்ணல் வேண்டும். வரம்பு கட்ட அவர்களால் இயன்றது. அங்ஙனமாயின் அதுவரை கட்டாதிருந்தமையும் அவர்தம் விருப்பமே யன்றோ? பழைய அலருக்கு எல்லையை மலையும் ஆறும் வகுத்தன. புதிய அலருக்கு எல்லையை வகுப்பவர் கடல்கடந்து வாழும் முதலாளிகள்.

2023 மார்ச்சுத் திங்களில் அலர் வேறு திசையிற் பாய்ந்தது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் அடித்துக் கொல்லப்படுகின்றனர் என்று, எங்கெங்கோ எக்காலத்தோ எடுத்த ஓடும்படங்களை ஒட்டிப் பரப்பினர். அவை பொய் எனத் தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் ஆராய்ந்தது. பொய் பரப்பியோர் மீது வழக்குகள் பாய்ந்தன. ஆயினும் அவ்விடைவேளையில் தொழிலாளர் பலர் மூட்டை கட்டித் தொடர்வண்டி நிலையங்களை நோக்கி ஓடினர். அச்சத்திற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் கூறுவார்: தெய்வம், விலங்கு, திருடர், ஆள்வோர் என அவற்றைச் சுருங்கக் கூறலாம். இந்நான்கனுள் ஒன்றும் எதிரில் இல்லாதபோதே ஒரகடத்து அறையில் ஓர் இளைஞன் நடுங்கியிருப்பானாயின், அவனை நடுங்கச் செய்த ஐந்தாவது அவன் கையிலேயே இருந்தது. வடவர் குடியேற்றம் பற்றித் தமிழ்த்தேசியர்க்கு உள்ள கருத்து வேறு. அதனை அரசின்முன் வைத்து வாதாடலாம். ஆனால் கூலிக்கு வந்த ஏழை ஒருவன் பொய்யை நம்பி அஞ்சியோடுவதைக் கண்டு மகிழ்வது தமிழறமாகாது. நம் பக்கத்தாரும் சிலர் அந்நாட்களில் முகநூலில் எழுதியவை நமக்குப் பெருமை சேர்ப்பன அல்ல.

இனி, செய்தியின் பொய்ம்மையால் அன்றி, மெய்யான ஒரு காட்சியாலேயே ஒருத்தி வீழ்ந்த கொடுமையும் உண்டு. 2024 ஏப்பிரல் இறுதியில் சென்னைப் புறநகர் அடுக்ககம் ஒன்றில் கைக்குழந்தை தவறி விழுந்து கீழ்த்தளக் கூரைத் தகட்டில் தங்கிற்று. அண்டையிலிருந்தோர் அறிவுடனும் துணிவுடனும் அக்குழந்தையை மீட்டனர். அக்காட்சி உலகெலாம் பரவியது. மீட்டோரைப் போற்றிய வாய்களே அடுத்த நொடியில் தாயைத் தூற்றலாயின. பிள்ளையை வைத்திருக்கத் தெரியாதவள், கைப்பேசி நோக்கியிருந்திருப்பாள், தாயா இவள் என முன்பின் அறியாத ஆயிரவர் எழுதினர். உளச்சோர்வுற்று மருத்துவம் பெற்றுவந்த அத்தாய் சில கிழமைக்குள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ஓருயிர் நீங்குதற்குக் கரணியம் ஒன்றே எனச் சொல்லுதல் அறிவுடைமை யன்று. உள்ளத்துள் என்னென்ன புண்கள் இருந்தன என்பதைப் பிறர் அறியார். ஆயினும் புண்ணின்மேல் கோல் பாய்ச்சியோர் ஆயிரவர் என்பது ஊரறிந்தது. இவருள் ஒருவரேனும் அவர் வாயிலில் நின்று முகம் நோக்கி அச்சொல்லைச் சொல்லத் துணிந்திருப்பரா? ஆற்றங்கரையில் தூற்றிய அம்பற்பெண்டிர்க்கு முகம் இருந்தது. தலைவி எதிர்ப்படின் தலைகவிழும் நாணும் இருந்தது. முகமிலாதவர்க்கு நாணேது?

எல்லையும் முகமும் போயின. முடிவும் போயிற்று என்பதை இளையோரைக் கேட்டால் அறியலாம். ஓர் ஊரில் ஒருகால் எழுந்த பேச்சு அடுத்த திருவிழாவில் மறக்கப்படும். வலையில் ஏறிய நிழற்படமும் பழிச்சொல்லும் அழிவதில்லை. பள்ளியிற் பயின்றபோது எவனோ எள்ளி எழுதியது, ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பின்னும், திருமணம் உறுதியாகும் வேளையிலும் எழுந்து வந்து நிற்கும்.

இவ்வலரை யாரோ சிலர் தம் தீய குணத்தால் பெருக்குகின்றனர் என எண்ணுதல் போதாது. பெருகினால் ஈட்டம் பெறுவோர் உளர். முகநூலிற் கட்டணம் இல்லை. படவரியிற் கட்டணம் இல்லை. அங்கு விற்கப்படும் சரக்கு, பார்ப்பவரின் பார்வையே. விளம்பரம் தருவோர்க்கு அப்பார்வை நாழிகைக் கணக்கில் விற்கப்படுகின்றது. ஆகலின் கண்ணை விடாது பிடித்துவைத்தலே அந்நிறுவனங்களின் தொழில். பக்கத்தின் அடி என்று ஒன்று இல்லாமல், விரலால் தள்ளத் தள்ள ஊறிக்கொண்டே வரும் அமைப்பு அதற்காகவே ஆக்கப்பட்டது. நூலுக்கு இறுதிப் பக்கம் உண்டு; நாளிதழுக்கு உண்டு; கூத்துக்கும் விடிந்தால் முடிவுண்டு. இதற்கு இல்லை. 2009-இல் முகநூலிற் புகுத்தப்பட்ட விருப்பக்குறி எப்பொழுது வரும், எத்தனை வரும் என எவரும் அறியார். அறியாமையாலேயே மீண்டும் மீண்டும் திறந்து நோக்குவர். வருமா வராதா எனும் ஐயமே சூதாடியைக் களத்தில் இருத்துகின்றது. அதே ஐயத்தைச் சட்டைப்பையில் வைத்து விற்கின்றனர். எது சினமூட்டுமோ, எது பொறாமையூட்டுமோ, எது அச்சமூட்டுமோ அதனைக் கண்கள் விடாது பற்றுமாதலின், கணிப்பொறியும் அதனையே முன்னே கொணர்ந்து நிறுத்தும்.

ஒப்புநோக்கு என்னும் நோயும் இவ்வாறு வளர்வதே. ஆலைப் பெண்ணொருத்தி முன்பெல்லாம் தன்னை அடுத்த தெருப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். இருவர் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. இன்று அவள் ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒளியும் சாயமும் பொறியின் திருத்தமும் ஏறிய, உலகின் எம்மூலையிலும் உண்மையில் வாழாத முகங்களோடு. 2021-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று முகநூல் நிறுவனத்தின் உள்ளாவணங்களை வெளிப்படுத்தியது. தம் உடலைப் பற்றித் தாழ்வாக எண்ணிய இளம்பெண்களுள் 32 விழுக்காட்டினர், படவரி அவ்வெண்ணத்தை மேலும் கொடிதாக்கிற்று எனக் கூறியதாக அந்நிறுவனத்தின் ஆய்வே எழுதியிருந்தது. அறிந்தும் வாளாவிருந்தனர் என்பதே அங்கு எழுந்த குற்றச்சாட்டு. கருநிறம் தமிழ்மண்ணின் நிறம். அதனைக் குறையெனக் கருதச் செய்யும் வெண்பசைக்காரர் முன்பு திரைப்படக் கொட்டகையில் விளம்பரம் காட்டினர். இன்று அவர்கள் படுக்கைக்கே வருகின்றனர்.

உறக்கத்தைப் பற்றி மருத்துவர் பேசுவது மிகுதி. ஆலை முதலாளிகள் பேசுவது குறைவு. முறைப்பணியில் இருப்போர்க்கு ஒரு கிழமை பகற்பணி, மறு கிழமை இரவுப்பணி என மாறிமாறி வரும். உடல் ஒரு நாழிகைக் கணக்கிற்குப் பழகுமுன் அது குலைக்கப்படும். உறக்கம் வாராது புரள்பவள் பேசியை எடுப்பாள். பேசியின் ஒளியும் பரபரப்பும் எஞ்சிய உறக்கத்தையும் ஓட்டும். கைப்பேசியால் உறக்கம் கெட்டது என எழுதுவோர், உறக்கம் கெட்டதனால் கைப்பேசி கைக்கு வந்தது என்பதனையும் உடன் எழுதுதல் நேர்மையாகும். இன்னொன்று: ஓர் அறையிற் பத்துப் பேர் இருப்பினும் பணிமுறை வேறுவேறாயின் ஒருத்தி விழிக்கும்போது மற்றொருத்தி உறங்குவாள். பத்துப் பேர் இருந்தும் தோழி இல்லை. பல ஆலைகளில் பணியிடத்திற் பேசிக்கு இடமில்லை. பணி நடக்கையில் பேச்சிற்கும் இடமில்லை. நாள் முழுதும் வாய் திறவாதிருந்தவள் அறைக்கு வந்ததும் பேசியைத் திறக்கின்றாள். அவளுக்கு அது ஆடம்பரமன்று. எஞ்சியுள்ள ஒரே சாளரம்.

இவ்வூடகங்களே உளநோய்க்குக் கரணியம் என அறிஞர் எல்லாரும் ஒருமித்துக் கூறிவிட்டனரா எனின், இல்லை. சோர்வுற்றோர் மிகுதியாக நாடுகின்றனரா, நாடுவதால் சோர்வுறுகின்றனரா என்னும் வழக்கு இன்னும் நடக்கின்றது. ஆயினும் கைகட்டியிருக்கும் அளவுக்கு ஐயம் பெரிதன்று. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராயிருந்த விவேக் மூர்த்தி 2023 மே திங்களில் விடுத்த அறிவுரையில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் இவற்றிற் செலவிடும் வளரிளையோர்க்குச் சோர்வும் பதற்றமும் நேரும் வாய்ப்பு இருமடங்கு எனக் குறித்தார். மறு ஆண்டே புகையிலைப் பொதிக்கு இடுவது போன்ற எச்சரிக்கை இவற்றிற்கும் வேண்டும் என்றார். ஆத்திரேலியா 2024 நவம்பரிற் சட்டம் இயற்றி, 2025 திசம்பர் 10 முதல் பதினாறு அகவைக்கு உட்பட்டோர் இவற்றிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுத்துள்ளது. தமிழகத்தில் 2019 ஏப்பிரலில் மதுரை உயர்மன்றக் கிளை டிக்டாக்கிற்குத் தடைவிதிக்கப் பணித்து, மூன்று கிழமையில் அத்தடையை நீக்கிற்று. 2020-இல் இந்திய அரசு அதனைத் தடைசெய்தது எல்லைப் பூசலின் பொருட்டு. பிள்ளைகளின் உள்ளத்தின் பொருட்டன்று. ஒரு கடையை மூடியதும் அதே சரக்கு அடுத்த கடையில் வேறு பெயரில் விற்கப்பட்டமை யாவரும் அறிந்ததே.

தடை ஒருபுறம் இருக்க, துணை என்ன உண்டு என்பதே மணிமங்கலத்தார் கேட்கவேண்டிய கேள்வி. 14416 என்னும் எண்ணை அழைத்தால் உளநல அறிவுரை கட்டணமின்றிக் கிடைக்கும். 2022 அக்தோபரில் தொடங்கப்பட்ட இவ்வமைப்பிற் பேசுவோர் தமிழிலேயே பேசுகின்றனர். இதனை அறிந்தோர் பிறர்க்கு அறிவித்தல் வேண்டும். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவோர்க்குச் செவிசாய்க்கும் சினேகா என்னும் தொண்டமைப்பும் 1986 முதல் சென்னையில் இயங்குகின்றது. நோவு என்பது தாய்மொழியிலன்றி வெளிவாராது. ஆங்கிலச் சொல்லை வைத்துத் தன் துயரத்தைச் சொல்லமாட்டாத பெண், நெஞ்சு அடைக்கின்றது என்றும், ஒன்றும் பிடிக்கவில்லை என்றும், வெறுமையாக இருக்கின்றது என்றும் சொல்வாள். அச்சொற்களை நோயாக அறியும் மருத்துவரும் செவிலியரும் ஆலை மருத்துவ அறைகளில் இருத்தல் வேண்டும். அவளுக்குப் பைத்தியம் எனப் பட்டம் சூட்டும் வழக்கம் ஒழிதல் வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகத்து 6-ஆம் நாள் தீப்பற்றியபோது, விலங்கிடப்பட்டிருந்ததால் ஓடமாட்டாது உளநோயாளர் இருபத்தெண்மர் மாண்டனரே, அவ்விலங்குகளை வார்த்தது இவ்வழக்கமே.

வல்லம் வடகாலில் 18,720 பணியாளர் தங்குமாறு 706.50 கோடி உருபாச் செலவில் எழுப்பிய பெரும் விடுதியை 2024 ஆகத்து 17-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் திறந்துவைத்தார். தரையிற் பாய் விரித்துக் கிடந்தோர்க்குக் கட்டிலும் காற்றோட்டமும் கிடைத்தல் நன்றே. அரசைப் பாராட்டுதல் தகும். ஆனால் மணிமங்கலம், படப்பை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் எனச் சிதறிக் கிடக்கும் குடிக்கூலி அறைகளில் இன்னும் பல்லாயிரவர் உளர். விடுதி நடத்துவோர்க்கும் ஆலையார்க்கும் அரசு இட்டாக வேண்டிய கட்டளைகள் சில கடினமானவை அல்ல. ஒரே பணிமுறையாரை ஓரறையில் இருத்துக. ஒருத்தி நோயுற்றால் அவள் எங்குளள், எந்நிலையில் உளள் என்பதை அறைத்தோழியர்க்கும் பெற்றோர்க்கும் அன்றே அறிவிக்க. கிழமை விடுமுறை ஏட்டில் மட்டும் இராது வாழ்விலும் இருத்தல் வேண்டும். 2021 திசம்பரில் இவற்றுள் நடுவண் உள்ளதொன்று நிகழ்ந்திருப்பினும் நெடுஞ்சாலையில் அவ்விரவு வேறாய் இருந்திருக்கும்.

இயக்கத்தார்க்கும் பணி உண்டு. திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் கிளைகள் திங்களுக்கொருமுறை மேடையிட்டு முழங்குகின்றன. கூட்டத்திற்கு வருவோர் பெரும்பாலும் உள்ளூர் ஆடவரே. அறைகளில் வாழும் பெண்மக்கள் அம்மேடைப் பக்கம் வாரார். வரவேண்டும் என எவரும் அழைத்ததுமில்லை. ஊர்ப்புற நூலகங்களின் கதவு அவர்கள் ஆலையிலிருந்து திரும்புமுன் சாத்தப்படுகின்றது. ஞாயிறு மாலையில் அவற்றைத் திறந்துவைக்குமாறு அரசை வேண்டலாம். அதுவரை இயக்கக் கூடங்களையே திறந்துவைக்கலாம். இயக்க மகளிர் இருவர் மூவர் அங்கிருப்பின் போதும். சொற்பொழிவு வேண்டா, தனித்தமிழ்ப் பாடமும் முதல்நாளே வேண்டா. வந்தவள் தன் ஊர்ப்பெயரைச் சொல்வாள். அவ்வூரை அறிந்தவர் ஒருவர் அங்கு இருப்பார். மணிமங்கலத்திலேயே வரும் ஞாயிறன்று தொடங்கலாம். கூடத்திற்கு வேண்டியவை ஒரு பாய், ஒரு பானைத் தண்ணீர், கேட்கப் பொறுமையுள்ள இருவர்.